வலது பக்கத்துச் சிவப்பு விளக்கு

காரின் பின்விளக்கு எரிகிறதா இல்லையா என்பது அதை ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். எங்கள் காரில் வலது பக்கத்துப் பின்விளக்கு எப்போது அணைந்தது என்று எனக்கும் தெரியாது, தினமும் ஓட்டுகிற என் மனைவிக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியவைத்தவர் ஒரு லாரிக்காரர்.

என் மனைவி தாதி. ஈப்போவில் பல வருடம் ஓடியாடி உழைத்த பிறகு ஒருவழியாகப் பதவி உயர்வு வந்து, லூமுட் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்கு வார்டு சிஸ்டராகப் போனாள். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் காலை ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். சாயங்காலம் வீடு வந்துவிடுவாள். பிள்ளைகள் இரண்டு பேரும் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பதால் சமையல் என் பொறுப்பு. காலையில் அவள் காரைப் பின்னோக்கி ரோட்டுக்கு எடுத்து, கண்ணாடியை இறக்கி, "சாயந்தரம் என்ன சமைக்கிறீங்க?" என்று கேட்பாள். நான் ஏதாவது சொல்வேன். "சரி லா" என்று போய்விடுவாள். நான் கேட்டைச் சாத்திவிட்டு, கொசுவுக்குப் பயந்து உடனே உள்ளே போய்ப் படுத்துவிடுவேன். எங்கள் வீட்டில் ஒரு நாளின் முக்கியமான பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் சமைத்திருந்த மீன் கறியின் வாசம் வீடு முழுக்க இருந்தது. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. என்ன என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்.

காலையில் போத்தா பாலம் தாண்டியதும் நல்ல மழை. ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், ஒரு விளக்குக் கம்பமும் இல்லாத இடம். பின்னால் ஒரு லாரி வேகமாக வந்திருக்கிறது. தூரத்தில் வருகிறபோது விலகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். விலகவில்லை. கிட்டத்தில் வந்து ஹாரன் அலறிய பிறகுதான், அது தன்மேலேயே ஏறப்போகிறது என்று தெரிந்து புல்வெளிப் பக்கம் ஒடித்திருக்கிறாள். லாரி உரசாமல் போய்க் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. இறங்கி ஓடிவந்த லாரிக்காரர் நம்ம தமிழ் ஆள்தான்.

"அக்கா, ஒங்க காடியில ஒரு லைட்டுதான் எரியுது. எடப்பக்கம் ஒரு சிவப்புதான் தெரிஞ்சுச்சு. யாரோ மோட்டார்ல ஓரமா போறாங்கன்னு நெனச்சு ஒதுங்காம வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த லாரிக்காரரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து யோசித்தபோதும் தெரியவில்லை.

"கூட வேலை செய்யிற அக்கா ஒருத்தங்க படகு ஜெட்டி பக்கத்துல ரூம் எடுத்திருக்காங்க" என்றாள் அவள். "இன்னொரு கட்டில் இருக்காம். வாரம் பூரா அங்க இருந்துட்டு, சனிக்கெழமைக்கு வீட்டுக்கு வந்துர்றேன். திங்கக்கெழம பதில் சொல்லணும்."

"லைட்ட மாத்திட்டா போச்சு. அதுக்கு எதுக்கு ரூமு?"

"மாத்துங்க. திங்கக்கெழம காலையில ரெண்டு லைட்டும் எரிஞ்சா நான் இங்கேருந்து போயிட்டு வாரேன். எரியலேன்னா ரூமு." எழுந்து குளிக்கப் போனாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தினால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இப்படிச் சொல்லிவிட்டுப் போனால்தான் கை கால் ஓடாது.

வாரத்தில் ஐந்து நாள் நான் ஒருவனாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். தொலைக்காட்சியின் எதிரில் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல். எனக்கு அது வேண்டாம். அவ்வளவு வெளிப்படையாக, சின்னப் பிள்ளை மாதிரி, எனக்கு அது வேண்டாம் என்றுதான் தோன்றியது. அதை அவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் லீவு எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல் காலையில் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு காருக்கு வந்தாள். அந்தக் காருக்கு அவள் காட்டுகிற பக்தி கொஞ்சநஞ்சமல்ல. மாற்றல் கடிதம் வந்தபோது காருக்குப் பூசை போட்டோம். புந்தோங் கோயிலில் அன்று கூட்டம் அதிகம் என்பதால் வீட்டிலேயே போட்டுக்கொண்டோம். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீடும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. கார் மூக்கை வீட்டுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், ரோடு அதன் முதுகுப் பக்கம் இருக்கும். முன்னால் தேங்காய் உடைக்க இடமில்லை. ஆகவே காரைச் சுற்றிவந்து, பின்பக்கம் ரோட்டில் உடைத்தோம். நான் உடைக்கிறேன் என்றேன். பதவி உயர்வு எனக்குத்தானே கிடைத்திருக்கிறது என்று அவளே வாங்கி, பல வருடம் காத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஓங்கி ஒரு போடு போட்டாள். தேங்காய் சுக்குச் சுக்காகச் சிதறியது. பக்கத்து வீட்டுப் பூனை ஓடிப்போனது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வலது பக்கத்துப் பின்விளக்கில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மற்ற இடங்களில் வைக்கிறாளோ இல்லையோ, அந்த இடத்தை மட்டும் விடமாட்டாள். நான் சனிக்கிழமை கார் கழுவும்போதுகூட அந்தப் பொட்டைச் சுற்றியே துணியை ஓட்டுவேன். சாமி காரியத்தில் கை வைப்பானேன். இந்த வெள்ளிக்கிழமை பொட்டு இன்னும் பெரிதாக இருந்தது. விளக்கு கெட்டதால் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து, எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

புந்தோங்கில் எங்களுக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர்; நம் ஆட்களோடு பழகிப் பழகிப் பாதித் தமிழ் பேசுவார். விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இது எல்.இ.டி. லா. பல்பு இல்ல. பூரா ஒட்டி வந்துருச்சு. தா போலே புக்கா" என்றார். திறக்க முடியாது என்று அர்த்தம். முழு விளக்கையும் மாற்ற வேண்டும், இந்த மாடல் பழசு, ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"திங்கக்கெழம காலையில வேணும்" என்றேன்.

"திங்கக்கெழம வேற காடி வாங்கலாம் லா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர ஒர்க்‌ஷாப் வரை போக வேண்டியதில்லை, வீட்டிலேயே வரும். மனிதன் கையால் மூடியதை மனிதன் கையால் திறக்க முடியாதா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க எலக்ட்ரானிக்ஸ் தானே அண்ணே. அக்கா சொன்னாங்க. நீங்களே தொறங்க" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் கமுந்திங் தொழிற்பேட்டையில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்து ஓய்வு பெற்றவன். "எங்க வீட்டுக்காரரு எலக்ட்ரானிக்ஸ்ல இருந்தாரு" என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். நான் இருந்தது பேக்கிங் பிரிவில். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். அந்தப் பேசாமை இப்போது தவுக்கேயின் வாய் வழியாக என்னிடமே திரும்பி வந்தது.

அங்கிருந்து, பழைய கார்களை வெட்டி உதிரிப்பாகம் விற்கிற கடைக்குப் போனேன். பின்விளக்குகள் மூலையில் மலை மாதிரி குவிந்து கிடந்தன. எங்கள் மாடல் கிடைத்தது. ஆனால் எல்லாமே இடது பக்கம். கையெல்லாம் கரியாகும்வரை கிளறியும் வலது ஒன்றுகூட இல்லை. "வலதுதான் மொதல்ல ஒடையும் அங்கிள்" என்றான் கடைக்காரன், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். ரோட்டின் நடுப்பக்கம் இருப்பது வலது. போகிற வருகிற லாரி உரசுவதும் வலது. அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. வருகிற வழியில் ஹார்ட்வேர் கடையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயன் ஒன்றும் ஒரு சுருள் ஈயக் கம்பியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் அந்தப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள்.

"நான்தான் எலக்ட்ரானிக்ஸாச்சே" என்றேன்.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். பின்பெட்டியைத் திறந்து, ஓரத்துக் கம்பளத்தை விலக்கினால் விளக்கைப் பிடித்திருக்கும் நட்டுகள் தெரியும். இதைக் காணொளியில் பார்த்து வைத்திருந்தேன். நட்டைக் கழற்றி, விளக்கைப் பின்பக்கமாக இழுத்தால் 'பொட்' என்று கிளிப் விட்டு வெளியே வந்துவிடும் என்று காணொளியில் ஒருவன் சிரித்துக்கொண்டே இழுத்துக் காட்டினான். எனக்கு வரவில்லை. கெஞ்சி, ஆட்டி, திட்டி, கடைசியில் அதுவாக மனம் வந்து கழன்றது.

பின்விளக்கு வேலை ஒற்றை ஆளுக்கு ஆகாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து அமுக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அவளை உள்ளே உட்காரவைத்து, இடது பக்கத்து நல்ல விளக்கையும் கழற்றி, வலது பக்கத்து ஒயரில் மாட்டினேன். "லைட் போடு" என்றேன். எரிந்தது. ஆக ஒயரில் குற்றமில்லை, விளக்குக்குள்தான் கோளாறு. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

செத்த விளக்கை எடுத்துக் காதோரம் ஆட்டினேன். உள்ளே சளக் சளக் என்று தண்ணீர். மூடி ஒட்டிய விளக்குக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கும்? துடைத்துப் பார்க்கலாம் என்று, சாமியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஈரத் துணியால் சந்தனப் பொட்டை அழித்தேன். பல வெள்ளிக்கிழமைகளின் சந்தனம் அடுக்கடுக்காக உரிந்து வந்தது. அதன் அடியில், சிவப்புக் கண்ணாடியில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

"இது என்ன?" என்றேன்.

காரிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். "அதுவா" என்றாள்.

"அதுவாவா? எவனோ இடிச்சிருக்கான். பாசார்ல நிறுத்தும்போதே சொன்னேன்..."

"யாரும் இடிக்கல. தேங்கா."

எனக்குப் புரியவில்லை.

"பூசை அன்னிக்கு ஒரு ஓடு தெறிச்சு வந்து டொக்குன்னு பட்டுச்சு. நீங்க காய் நல்லா செதறிச்சுன்னு சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. நல்ல காரியம் நடக்கையில இதச் சொல்லி, நீங்க கத்தி, அன்னிக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு... எதுக்குன்னு நெனச்சேன். சின்னக் கீறல்தானே. மேல பொட்ட வச்சிட்டேன்."

"அப்ப ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும்?"

"காஞ்சு உதிருதுல்ல. மறுபடி வைக்கணுமே."

ஆக அந்தப் பொட்டெல்லாம் சாமிக்கு இல்லை, என் கோபத்துக்கு. நான்தான் அதைச் சுற்றிச் சுற்றி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் துடைத்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கீறல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, விளக்கின் உயிரை எடுத்திருக்கிறது தண்ணீர். கத்துவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனிமேல் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. மூச்சை இழுத்தேன்.

"கத்துறதுன்னா இப்பவே கத்திருங்க" என்றாள் அவள். "திங்கக்கெழம நான் அங்க போயிட்டா, கத்துறதுக்கு ஒங்களுக்கு ஆள் கெடைக்காது."

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. பிறகு சிரிப்பாக வெளியே வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"எனக்கு மட்டும் அங்க போய்த் தனியா கெடக்கணும்னு ஆசையா? பயமா இருக்குங்க. அந்த ஹாரன் இன்னும் காதுலயே இருக்கு."

"சரி, வா. தொறந்து பாப்போம்" என்றேன். அதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்போது அதுதான் வந்தது.

விளக்கின் சிவப்பு மூடியையும் பின்பக்க உடலையும் ஒட்டியிருப்பது கறுப்புப் பசை. சூடு காட்டினால் இளகும். அவள் தீபாவளிக்குப் பலகாரம் சுடும் ஓவனில், பலகாரத் தட்டிலேயே விளக்கை வைத்து, சூட்டைக் குறைத்து வைத்துவிட்டு எதிரில் குந்தி உட்கார்ந்தோம். குறைத்து வைத்தேன் என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் வீடு முழுக்க ரப்பர் வேகும் வாடை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலாய்க்கார மக்சிக், அடுத்த வீட்டு அம்மா, எட்டிப் பார்த்து, "மாசாக் ஆப்பா?" என்று கேட்டார், என்ன சமைக்கிறாய் என்று. "விளக்கு" என்றேன் மலாயில். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

வெளியே எடுத்தபோது விளக்கின் ஒரு மூலை லேசாக இளகித் தொங்கியிருந்தது. அவள் பார்வையால் ஓவனின் திருகை ஒருமுறை தொட்டாள். நான் சமையல் துணியால் விளக்கைப் பிடித்துக்கொள்ள, அவள் வெண்ணெய்க் கத்தியை ஓரத்தில் விட்டு நெம்பினாள். பசை நூல் நூலாக நீண்டு, விரலில் ஒட்டி, விட்டேனா பார் என்றது. நாங்கள் இருக்கும் தாமானே ஒரு காலத்தில் நான் பிறந்த ரப்பர் தோட்டம். மரப்பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்த கை எனக்கு. இந்தப் பசையைப் பிய்ப்பதில் மட்டும் நான் காணொளிக்காரனைவிடக் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்வேன்.

மூடி பிரிந்தது. உள்ளே ஒரு பச்சைப் பலகை, அதில் வரிசை வரிசையாகக் குட்டி விளக்குகள். இரண்டு கரண்டி அளவுக்குப் பழுப்புத் தண்ணீர். ஒயர் வந்து சேரும் இடத்தில் செம்பெல்லாம் களிம்பேறி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் அங்கேதான் தேங்கி நின்று அரித்திருக்கிறது. மின்சாரம் வாசல்படியிலேயே நின்றுவிட்டால் உள்ளே யாருக்கு என்ன கிடைக்கும்?

இங்கேதான் அவள் வேலையை எடுத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சைக் கொண்டுவந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் களிம்பைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். பிறகு என் பழைய கைப்பேசி சார்ஜரின் ஒயரை உரித்து, அதிலிருந்த மெல்லிய செம்பு இழை ஒன்றை, அரித்துப்போன இடத்தின் மேல் பாலம் மாதிரி வைத்தோம். ஈயத்தை உருக்கி ஒட்டவைக்க வேண்டியது என் பங்கு. அயனைப் பிடித்தேன். என் கை ஆடிய ஆட்டத்தில் ஈயம் பலகையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. மேசை விரிப்பில் ஓர் ஓட்டை.

"குடுங்க இங்க" என்றாள்.

பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றுகிறவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அயனைப் பேனா மாதிரி சாய்த்து, ஒரு தொடு. ஈயம் பளபளவென்று உருண்டு, போக வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

"எங்க கத்துக்கிட்ட?"

"எலக்ட்ரானிக்ஸ்காரரு வீட்டுல வாக்கப்பட்டிருக்கேன்ல."

"நான் பேக்கிங்லதான் இருந்தேன்னு ஒனக்குத் தெரியும்ல?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

"தெரியாமயா. பெட்டி கட்டுறவருன்னு சொன்னா, எங்க அம்மா பொண்ணு குடுத்திருப்பாங்களா? அப்ப சொல்லி அப்புடியே பழகிப்போச்சு" என்றாள், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடியை ஒட்டாமலேயே காரில் மாட்டி, அவளை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தேன். இரண்டு வரிசை எரிந்தது, கீழ் வரிசை எரியவில்லை. அந்த வரிசையில் விளக்குகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்த மாதிரி இணைந்திருக்கின்றன. ஒன்று கையை விட்டால் எல்லாம் அணைந்துவிடும். கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, களிம்பில் காலறுந்த ஒன்றைக் கண்டுபிடித்தாள். மறுபடி பஞ்சு, மறுபடி ஈயம். இதற்கு நடுவில் ஜெட்டி ரூம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "நாளைக்கு வந்து சொல்றேங்க்கா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். நான் கேட்காத மாதிரி பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

முடியுலர்த்தியால் உள்ளே ஈரமில்லாமல் காயவைத்து, புதுப் பசை போட்டு மூடினோம். விரிசலின் மேல் நிறமில்லாத ஒட்டுமருந்தை வழித்து, துணி காயப்போடும் கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டிவைத்தோம். சாயங்காலம், பசை இறுகிய பிறகு கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றினேன். ஆட்டிப் பார்த்தேன். உள்ளே சத்தமில்லை. காரில் மாட்டி நட்டை முறுக்கினேன். இளகிய மூலை கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும், கிட்டப் போய் யாரும் பார்க்கப்போவதில்லை.

அவள் ஓட்டுநர் இருக்கைக்குப் போகவில்லை. "நீங்க உள்ள உக்காருங்க. நான் பாக்குறேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் காரின் பின்விளக்கு எரிந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். வானம் மூடிக்கொண்டு வந்தது, மழைக்கு முந்தைய இருட்டு. விளக்கைப் போட்டேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில், ரோட்டின் நடுவில் அவள் நிற்பது தெரிந்தது. அவள் முகத்தின் இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தது. பிரேக்கை அமுக்கினேன். இன்னும் சிவந்தது. விட்டேன். மறுபடி அமுக்கினேன். "போதும் லா, பாட்டரி போயிடும்" என்று சொல்லிக்கொண்டே, நகராமல் அங்கேயே நின்றாள். பின்னால் ஒரு மோட்டார்காரர் வந்து ஒலி எழுப்பிய பிறகுதான் ஓரம் வந்தாள்.

ரூமைப் பற்றி இரவுச் சாப்பாட்டின்போதும் அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

திங்கட்கிழமை விடியற்காலை எழுந்தபோது தூறிக்கொண்டிருந்தது. அவள் சீருடையில் சந்தனக் கிண்ணத்தோடு கார்ப் பக்கம் போனாள். விளக்கில் வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஸ்டீயரிங்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, விரலில் மிச்சமிருந்ததை என் நெற்றியில் இழுத்துவிட்டாள். "இதுலதான் விரிசல் சீக்கிரம் விடும்" என்றாள். நான் பொட்டை அழிக்காமல் கேட்டைத் திறக்கப் போனேன்.

காரைப் பின்னால் எடுத்தாள். என் கண் அவள் துணிப்பை ஏதாவது வைத்திருக்கிறாளா என்று பின்னிருக்கையைத் தேடியது. குடையும் சாப்பாட்டுக் கூடையும் மட்டும் இருந்தன. அப்போதும் எனக்கு நிச்சயமில்லை. ரோட்டில் வண்டி நேரானது. கண்ணாடி இறங்கியது.

"சாயந்தரம் என்ன சமைக்கிறீங்க?"

வியாழக்கிழமையிலிருந்து அவள் அதைக் கேட்டிருக்கவில்லை. நெத்திலி சம்பால், ரசம், கங்கோங் கீரை என்று சொன்னேன்.

"சரி லா. பசியோட வருவேன், கொஞ்சம் கூடவே போடுங்க."

கேட்டைச் சாத்தவில்லை. கொசு கடித்தது, கடிக்கட்டும் என்று ரோட்டில் இறங்கி நின்றேன். இரண்டு சிவப்பு விளக்குகள் ஈர ரோட்டில் நீளமாக விழுந்தபடி போய்க்கொண்டிருந்தன. ரோட்டுமுனையில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. நிற்கத் தேவையில்லை. ஆனாலும் அவள் நின்றாள். இரண்டு விளக்கும் ஒருசேரப் பளிச்சென்று சிவந்து, நான் நன்றாகப் பார்த்து முடிக்கும் அளவுக்கு அப்படியே எரிந்தன. பிறகு இடது பக்கம் திரும்பி மறைந்தன. நான் உள்ளே போய், இரண்டு பேருக்கு அளந்து நெத்திலியை ஊறப்போட்டேன்.